தழும்பை மூட தோலை வளர்க்கலாமா? கேள்வி பதில்

மேலப்பாளையம் தாய்: மகளுக்கு ஒன்பது வயசு. சின்னப் பிள்ளையில வெந்நீர் பட்டு உச்சந்தலையில உள்ளங்கை அகலத்துக்கு முடியில்லாத தழும்பு. தொடைத்தோலை ஒட்டுனா முடி வருமா டாக்டர்?

வராதும்மா. தொடையில் மேலாகச் சீவி எடுக்கும் தோலோடு முடிவேர் வராது. தலைக்குத் தலைத்தோல்தான் பொருந்தும். தழும்புக்குப் பக்கத்தில் நல்ல தோலுக்கு அடியில் சிலிக்கோன் பலூனை வைத்துத் தைப்போம். தையல் ஆற இரண்டு வாரம் போல விட்டு, பிறகு வாரம் ஒருமுறை மெல்லிய ஊசியால் பலூனுக்குள் சலைன் (உப்புநீர்) ஏற்றுவோம். பலூன் உப்ப உப்ப மேலே உள்ள தோல் விரியும். இரண்டு மூன்று மாதத்தில் தேவையான தோல் சேர்ந்துவிடும். அப்புறம் இரண்டாவது ஆபரேஷன்: பலூனை எடுத்து, தழும்பை வெட்டி, விரிந்த தோலால் மூடுவோம். புது முடிவேர் உண்டாகாது, இருப்பவை சற்றே விலகி நிற்கும். பார்த்தால் தெரியாது.

கஷ்டம் நடுவில்தான். தலை புடைத்திருக்கும், பள்ளிக்கூடத்தில் கேலி பேசுவார்கள். முடிந்தால் கோடை லீவையும் கணக்கில் சேர்த்துத் தேதி குறியுங்கள்.

அம்பாசமுத்திரம் அன்பர்: வாராவாரம் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற முடியல. தானா வீங்குற பலூன் இருக்காமே?

இருக்கு அண்ணாச்சி. உடம்பின் நீரை உறிஞ்சி உப்பும் ஜெல். ஊசி வேண்டாம், ஆனால் நிறுத்தவும் முடியாது. சலைன் பலூனில் தோல் வெளுத்தாலோ வலி கூடினாலோ கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடலாம். அதனால் பஸ் செலவானாலும் நான் சலைன் பலூனைத்தான் சொல்வேன்.

வள்ளியூர் வாசகர்: பலூன் இல்லாம ஆபரேஷன் மேசையிலேயே தோலை இழுத்துத் தைச்சா என்ன?

சின்ன இடைவெளிக்குத் தைக்கலாம். சில நிமிடம் இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்தால் தோல் கொஞ்சம் நெகிழும். அது இருக்கும் தோலின் நெகிழ்வு மட்டுமே. வாரக்கணக்கில் மெல்ல விரித்தால்தான் செல்கள் பெருகிப் புதுத்தோல் உண்டாகும், கர்ப்பிணியின் வயிறு மாதிரி.

நாங்குநேரி தம்பி: அப்பாவுக்கு பைக் விபத்துல முழங்காலுக்குக் கீழ எலும்பு தெரியுது. பலூன் வைக்கலாமா?

இப்போது கூடாது தம்பி. திறந்த காயமும் கிருமியும் இருக்கும் இடத்தில் பலூன் தங்காது. முழங்காலுக்குக் கீழே ஆறிய தழும்புக்கு வைத்தாலே சிக்கல் அதிகம். தெரியும் எலும்பை மூட இரத்த ஓட்டமுள்ள சதையையோ தோலையோ திருப்பி வைக்க வேண்டும். நாள் கடத்தாதீர்கள்.

சங்கரன்கோவில் சகோதரி: இது புதுசா சோதனை பண்ணுறதா?

இல்லை. 1957-லேயே நியூமன் என்பவர் காதைச் சீரமைக்க பலூன் வைத்துத் தோலை விரித்தார். 1970-களில் ரடோவன் என்ற டாக்டர் சிலிக்கோன் பலூனைக் கொண்டுவந்தார்.

பலூன் உள்ளே இருக்கையில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் அதைச் சொல்லுங்கள், சில பலூன்களில் காந்தம் இருக்கும். சிவப்பு, காய்ச்சல், சீழ், தையல் வழியாக பலூன் தெரிவது, எது வந்தாலும் அடுத்த ஊசித் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வரவேண்டும்.