பூஞ்சணங்களுக்கு ஆண், பெண் உண்டா? அவற்றின் பாலினப் பெருக்கத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் எவை?

ஆண், பெண் என்பதும் இணைவு வகை என்பதும் பூஞ்சணங்களில் வேறு வேறானவை. நியூரோஸ்போரா கிராசா என்ற பூஞ்சணத்தின் ஒரே வளர்ப்பு பெண் உறுப்பையும், ஆணின் வேலையைச் செய்யக்கூடிய வித்துகளையும் உருவாக்குகிறது. ஆயினும் அது தன்னோடு தானே இணைவதில்லை. குரோமோசோமில் ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று சிறிதும் ஒப்புமையில்லாத இரண்டு டி.என்.ஏ. வரிசைகளில் ஒன்றுதான் அதனிடம் இருக்கும்; அதுவே அதன் இணைவு வகை. மற்றொன்றைக் கொண்ட துணை கிடைத்தால் மட்டுமே இணைவு நிறைவுறும். இந்த வரிசைகளிலுள்ள மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள், இணைவுக்கான ஈர்ப்புப் பொருள்களையும் அவற்றை உணரும் ஏற்பிகளையும் தரும் மரபணுக்களை இயக்குகின்றன. ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சணமோ இரு வகை மரபணுக்களையும் ஒரே உட்கருவில், வெவ்வேறு குரோமோசோம்களில் வைத்திருப்பதால் துணையின்றியே கனியுடல், அதாவது பாலின வித்துகளைத் தாங்கும் உறுப்பு, அமைக்கிறது.

ஆனால் இணைவு மரபணு இருந்தால் மட்டும் போதாது என்பதை நான் கண்ணால் கண்டு உணர்ந்தது மாணவப் பருவத்தில்தான். நிடுலன்ஸின் வித்துகளை இரு தட்டுகளில் விதைத்து, ஒன்றை வெளிச்சத்தில் வைத்தேன். மற்றொன்றை நன்கு மூடி இருட்டில் வைத்தேன். முதலாவது, இணைவின்றியே உருவாகும் பாலிலி வித்துகளால் பச்சையாகப் படர்ந்தது. இரண்டாவதில் மஞ்சள் நிறத் திரள்களுக்குள் கருஞ்சிவப்பு உருண்டைகளாகக் கனியுடல்கள் விளைந்திருந்தன. இந்த வேறுபாட்டின் நடுவில் இருப்பது வி-ஏ என்னும் புரதம். இருளில் அது வெல்-பி என்ற துணைப் புரதத்தோடு உட்கருவுக்குள் சென்று, அங்கே லே-ஏவுடன் சேர்கிறது. ஒளியில் அதன் பெரும்பகுதி வெளியிலேயே தங்கிவிடுகிறது. இம்மூன்றின் கூட்டணி 2008-இல் விளக்கப்பட்டது. வி-ஏ மரபணுவை நீக்கினால் கனியுடலே தோன்றாது. பல ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்ட நிடுலன்ஸ் வகைகள் இம்மரபணுவில் ஒரு திடீர் மாற்றத்தைச் சுமப்பவை. அவை இருளிலும் தாராளமாகப் பாலிலி வித்துகளை ஈனும் என்பதால், இச்சோதனையைச் செய்ய விரும்புவோர் தங்கள் வகையை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே கூட்டணி நச்சுப் பொருள்களின் உற்பத்தியையும் ஆள்கிறது என்பதே என்னை இத்துறையில் நிறுத்தி வைத்த செய்தி. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸில் வி-ஏவை நீக்கினால் அஃப்லாடாக்சின் உற்பத்தி நின்றுவிடுகிறது.

கனியுடல் தோன்றுவது சூழலையும் பொறுத்தது; ஆகவே, அது தென்படவில்லை என்பதால் ஒரு பூஞ்சணத்தைப் பாலிலி என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1863-இல் விவரிக்கப்பட்ட ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் அப்படித்தான் கருதப்பட்டு வந்தது; 2009-இல் எதிரெதிர் இணைவு வகைகளை ஓட்ஸ் ஊடகத்தில், 30 பாகை செல்சியஸில், இருளில், ஆறு மாதம் பொறுத்திருந்து வளர்த்தபோது அதுவும் கனியுடல் தந்தது.