ஸ்டோர்னோவே அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

கேள்வி: கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். மதுரையிலிருந்து அம்மா வந்திருக்கிறார். குழந்தைகளோடு ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்குப் போகிறோம். அங்குள்ள ஸ்டோர்னோவே ஊர் அருங்காட்சியகத்தில் அந்தப் புகழ்பெற்ற சதுரங்கக் காய்கள் ஆறுதான் இருக்கின்றனவாமே, போகலாமா?

பதில்: ஆறுதான். கட்டாயம் போங்கள்.

முதலில் கிழமையைப் பாருங்கள். லூயிஸில் ஞாயிறு பலருக்கு இன்றும் ஓய்வும் தேவாலயமும்தான். அந்த நாளை அருங்காட்சியகத்துக்கு வைக்காதீர்கள். மற்ற நாட்களின் நேரத்தையும் கிளம்புமுன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஸ்காட்லாந்துக் கரையிலுள்ள உல்லாப்பூல் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் தெரியும் லூஸ் கோட்டையை ஒட்டித்தான் அருங்காட்சியகம். நுழைவு இலவசம்.

அந்தக் காய்கள் 1831இல் இதே தீவின் மேற்கே, ஊயிக் பகுதியில் கிடைத்த புதையல். மொத்தம் 93 உருப்படிகளில் 82 லண்டனுக்கும் 11 எடின்பரோவுக்கும் போய்விட்டன. லண்டன் பங்கிலிருந்து ஆறு மட்டும் நீண்ட காலக் கடனாகப் பிறந்த மண்ணுக்குத் திரும்பியிருக்கின்றன. பெரும்பாலும் வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் தந்தத்தில், 12ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. நார்வே வேலைப்பாடு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. உயரமான ராஜாவே 10 செ.மீ. அளவுதான். ராணி வலது கையைக் கன்னத்தில் வைத்து உட்கார்ந்திருப்பாள், பெரிய கவலையில் இருப்பவளைப் போல. பிள்ளைகள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முடிந்தால் பின்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தில் யாரும் கவனிக்காத சிம்மாசன முதுகிலும் கொடிப் பின்னல் செதுக்கியிருக்கிறார்கள்.

அதோடு திரும்பிவிடாதீர்கள். தீவு மக்களின் கதையை அவர்களுடைய கேலிக் மொழியிலேயே முதலில் சொல்லும் இடம் இது. மொழி புரியாவிட்டாலும் பதிவு செய்த குரல்களைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். போகுமுன் ஒரு சேதியைத் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய கடற்படை வீரர்களின் 'அயோலேர்' கப்பல், 1919 ஜனவரி 1 விடியுமுன் துறைமுக வாசலில் பாறையில் மோதியது. 201 பேர் இறந்தார்கள், கரைக்கு மிக அருகில். இது தெரிந்தால் அந்த ஊரையே வேறு மாதிரிப் பார்ப்பீர்கள்.

அப்புறம், அம்மாவுக்கு ஒன்று. சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் மெக்கன்சி சுவடிகள் இருக்கின்றனவே, அந்தக் காலின் மெக்கன்சி பிறந்தது இந்த ஸ்டோர்னோவேயில்தான். 1783இல் சென்னைக்கு வந்து, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். கோயில் கதைகளையும் கல்வெட்டுப் படிகளையும் உள்ளூர் அறிஞர்களின் துணையோடு ஊர் ஊராகச் சேர்த்தார். 1821இல் கல்கத்தா அருகே இறந்தார். ஊர் திரும்பவே இல்லை.

ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மழை விட்டால் கோட்டைத் தோப்பில் அம்மாவோடு மெதுவாக நடக்கலாம்.