பிழை திருத்துவதும் எழுதக் கற்பிப்பதும்

அன்புள்ள ஐயா,

நியூயார்க்கில் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதும் பாடத்தைப் பகுதிநேர ஆசிரியையாக நடத்தி வருகிறேன். மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றிலும் 27 பேர். வீட்டில் ஸ்பானியமோ வங்காளமோ சீனமோ பேசுகிறவர்களும், இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பின மாணவர்களும் சேர்ந்து படிக்கிறார்கள். எல்லாப் பிழைகளையும் திருத்திக் கொடுக்கிறேன். அடுத்த கட்டுரையில் அவையே திரும்ப வருகின்றன, கட்டுரைகளும் சிறுத்துக்கொண்டே போகின்றன. துறையில் மூத்தவர் ஒருவர், திருத்துவது அவர்கள் மொழியை இழிவுபடுத்துவது என்கிறார். இன்னொருவர், திருத்தாமல் விட்டால் அவர்களை ஏமாற்றுகிறோம் என்கிறார். நான் எப்படி நடந்துகொள்வது?

(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள ஆசிரியைக்கு,

கட்டுரைகள் சிறுத்துக்கொண்டே போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்தது அந்த வரிதான். ஒவ்வொரு பிழைக்கும் குறி விழும் என்று அறிந்த மாணவர், தவறு நேராத வாக்கியங்களை மட்டுமே எழுதத் தொடங்குகிறார். ஒரு காரணத்தை ஒரு விளைவோடு இணைக்கவும், எதிர்த்தரப்பை ஒப்புக்கொண்டு பிறகு மறுக்கவும் நீண்ட வாக்கியங்கள் தேவைப்படுகின்றன. புதிதாகக் கற்பவருக்குப் பிழைகள் நேருவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே பிழை குறைந்த கட்டுரை, சிந்தனை குறைந்த கட்டுரையாகவும் இருக்கக்கூடும்.

இந்தச் சிக்கலை உங்கள் நகரம் முன்பே சந்தித்திருக்கிறது. 1969இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டி கல்லூரியில் கறுப்பின, போர்ட்டோரிக்க மாணவர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பின்னர், 1970இல் அப்பல்கலைக்கழகம் நகரத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்த எவருக்கும் இடமுண்டு என்று கதவைத் திறந்தது. அப்படி வந்தவர்களின் எழுத்தைக் கண்டு பேராசிரியர்கள் பலர் திகைத்து நின்றபோது, சிட்டி கல்லூரியில் எழுத்துப் பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருந்த மினா ஷாஃக்னெசி ஏறத்தாழ 4,000 நுழைவுநிலைக் கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிழையும் ஏன் நேர்ந்தது என்று பொறுமையாக ஆராய்ந்தார். 1977இல் வெளியான அவருடைய நூல், அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை அக்கறையின்மையாலோ அறிவுக்குறைவாலோ வந்தவை அல்ல என்றும், அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்றும் காட்டியது. எழுத்தைக் கற்பிப்பவர்கள் அனைவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த ஒழுங்கை உங்கள் வகுப்பிலேயே காணலாம். ‘ஷி மை சிஸ்டர்’ என்று இரண்டு மாணவர்கள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வங்காளி, அவருடைய மொழியில், நம் தமிழில் ‘அவள் என் தங்கை’ என்பதைப் போலவே, நிகழ்காலத்தில் அங்கே வினைச்சொல் தேவையில்லை. இன்னொருவர் கறுப்பின மாணவர்; அவருடைய சமூகத்தின் ஆங்கிலம் அந்த இடத்தில் ‘இஸ்’ என்பதை விட்டுவிட இடம் தருகிறது. பொது ஆங்கிலத்தில் அச்சொல்லை எங்கே சுருக்கிச் சொல்லலாமோ அங்கேதான் அது விடப்படுகிறது என்பதையும், சுருக்க முடியாத வாக்கிய இறுதியில் விடப்படுவதில்லை என்பதையும் மொழியியலாளர் வில்லியம் லபாவ் 1969லேயே விளக்கிவிட்டார். ஸ்பானியம் பேசுகிறவர் ‘இஸ் இம்பார்ட்டன்ட்’ என்று தொடங்கினால் அவர் விட்டது எழுவாயை, ஏனெனில் அவர் மொழியில் அது இல்லாமலேயே வாக்கியம் நிறைவு பெறும். நேற்று நடந்ததைச் சீன மாணவர் நிகழ்கால வினையால் எழுதுகிறார் என்றால், காலத்துக்கேற்ப வினை உருமாறுவது அவர் மொழியில் இல்லை. இவர்கள் எல்லோருக்கும் ஒரே சிவப்பு வட்டம் போடும்போது, முற்றிலும் வேறுபட்ட காரணங்களுக்கு ஒரே மருந்தைக் கொடுக்கிறோம். வங்காளி மாணவருக்குப் புதிய விதி ஒன்றைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. கறுப்பின மாணவருக்கோ அந்த விதி பெரும்பாலும் தெரியும், எந்த இடத்தில் எந்த ஆங்கிலம் எதிர்பார்க்கப்படுகிறது என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் மூத்தவர்கள் இருவரின் வாதமும் பழையது. கல்லூரி எழுத்தாசிரியர்களின் அமெரிக்க மாநாட்டமைப்பு, மாணவர்களுக்குத் தங்கள் சொந்த மொழிவழக்கின் மீது உரிமை உண்டு என்று 1974இல் தீர்மானம் நிறைவேற்றியது. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் 1988இல் லிசா டெல்பிட் என்ற கறுப்பினக் கல்வியாளர், அதிகாரத்தில் இருப்பவர்களின் மொழிவிதிகளை வெளிப்படையாகச் சொல்லித்தராமல் விடுவது, அவ்விதிகளை வீட்டிலேயே கற்றுவந்த பிள்ளைகளுக்கே சாதகமாக முடியும் என்று வாதிட்டார். அதையும் என்னால் மறுக்க முடியவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு உங்கள் நகரத்தின் பரூக் கல்லூரிக்கு வந்து பணியாற்றிய சுரேஷ் கனகராஜா, மாணவர் கல்விப்புல ஆங்கிலத்தைக் கைவசப்படுத்தவும் வேண்டும், தன் ஆங்கிலத்தை அதற்குள் எங்கே, எதற்காகக் கொண்டுவருவது என்றும் அறிய வேண்டும் என்று 2006இல் எழுதினார். என் நிலைப்பாடும் அதுவே. ஆனால் இது மாணவரிடம் அதிக உழைப்பைக் கோரும் வழி என்பதை மறைக்கக் கூடாது.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் வரைவில் இலக்கணத்தைத் தொடாதீர்கள். அவர் சொல்ல வருவது என்ன, எந்த இடத்தில் உங்களுக்குப் புரியவில்லை, எந்த இடத்தில் இன்னும் கேட்க விரும்புகிறீர்கள் என்பதை மட்டும் முழு வாக்கியங்களில் எழுதுங்கள். அடுத்த வரைவில், 1983இல் ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற எழுத்தாசிரியர் பரிந்துரைத்த முறையை முயன்று பாருங்கள்: பிழையைத் திருத்தாமல், அது இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் இடுவது. அவருடைய மாணவர்கள் பாதிக்கும் மேற்பட்ட பிழைகளைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்தினார்கள். பன்மொழி மாணவர்கள் நிறைந்த வகுப்பில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. ஒருவர் அறியாத விதியை அவரால் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. எனினும் அவரால் கண்டுபிடிக்க முடியாமல் எஞ்சுகிற பிழைகளே அவருக்கு நீங்கள் உண்மையில் கற்பிக்க வேண்டியவை. அவற்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு, பக்கத்தில் அமரவைத்து, ‘இதை ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் பிழையின் காரணம் தெரியவரும். மதிப்பெண்ணிலும் இதே அளவை வையுங்கள்: கற்பித்த விதிக்கு மட்டும் கணக்குக் கேளுங்கள்.

81 பேரோடு இப்படி அமர்வது பகுதிநேர ஊதியத்தில் வாழும் ஒருவரால் ஆகக்கூடியது அன்று என்பதை அறிவேன். மேலே சொன்ன அதே மாநாட்டமைப்பு, எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் இருக்கலாகாது, 15 பேரே உகந்தது என்று பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் மூத்தவர்கள் இருவரும் இலக்கணத்தில் முரண்பட்டாலும் இதில் முரண்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பரிந்துரையை எடுத்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் உங்களோடு துறைத்தலைவரைச் சந்திக்க வரும்படி கேளுங்கள். நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் அதைக் கேட்பது, நீங்கள் தனியாகக் கேட்பதைக் காட்டிலும் உங்களுக்குப் பாதுகாப்பானது.