பிராங்க்ளின் எப்போது அதிபராக இருந்தார்?

பிலடெல்பியாவுக்குக் குடிவந்து சில வாரங்கள்தான் ஆகின்றன, பாலம், சாலை, அறிவியல் காட்சியகம் என எங்கு பார்த்தாலும் பெஞ்சமின் பிராங்க்ளின் பெயர், நூறு டாலர் தாளிலும் அவர் முகம், அவர் எந்த ஆண்டு அதிபராக இருந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அமெரிக்காவின் அதிபராக இருந்ததே இல்லை, தம்பி. புதிதாக வருபவர்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

அவரும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்தான். பாஸ்டனில் சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவரின் 17 பிள்ளைகளில் பதினைந்தாவது. அண்ணனின் அச்சகத்தில் அடி வாங்கித் தொழில் பழகி, 1723-இல் பதினேழு வயதில் சொல்லாமல் ஓடிவந்தார். பசியோடு கடைக்குப் போய் மூன்று பென்னிக்கு ரொட்டி கேட்டார். கிடைத்த மூன்றும் பெரியவை. பையில் இடமில்லாததால் இரண்டை அக்குளுக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றபடியே மார்க்கெட் தெருவில் நடந்தார். பிறகு அச்சகம், பத்திரிகை, 1731-இல் நூலகம், 1736-இல் தீயணைப்புச் சங்கம், 1751-இல் மருத்துவமனை. பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த கதையை உங்கள் பிள்ளையே பள்ளியிலிருந்து வந்து சொல்லும்.

நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. அதே 1751-இல், நம் ஊர் இருக்கும் பென்சில்வேனியாவில் வந்து குவிந்த ஜெர்மானியர்களைப் பட்டிக்காட்டு மூடர்கள் என்ற தொனியில் எழுதினார். ஆங்கிலேயர் உருவாக்கிய நாட்டை இவர்கள் நிறைத்துவிடுவார்கள், நம் மொழியையும் பழக்கத்தையும் ஏற்கமாட்டார்கள், நம் நிறமும் இவர்களுக்கு வராது என்று புலம்பினார். நிறம் மங்கியவர்கள் என்று அவர் ஒதுக்கிய பட்டியலில் ஸ்வீடன்காரர்களும் உண்டு! இத்தனைக்கும் அதற்கு இருபது வருடம் முன்பு அந்த ஜெர்மானியர்களுக்காகவே ஜெர்மன் மொழியில் ஒரு பத்திரிகை நடத்திப் பார்த்தவர் அவர். அது ஓடவில்லை.

எழுதியது சும்மா விடவில்லை. 1764 சட்டமன்றத் தேர்தலில் எதிரிகள் அந்த வரிகளைத் தேடி எடுத்து ஜெர்மானியர்களிடையே பரப்பினார்கள். தோற்றுப்போனார். ஆனால் 1787-இல் பென்சில்வேனியாவிலேயே உள்ள லான்காஸ்டர் என்ற ஊரில் ஜெர்மானியர்களுக்காகத் தொடங்கிய கல்லூரிக்கு 200 பவுண்டு கொடுத்தவரும் அவர்தான். எண்பதைத் தாண்டிய மனிதருக்கு ஓட்டுக் கணக்கு இருந்திருக்காது, மனம்தான் மாறியது என்பது என் எண்ணம். அடிமைகளை வைத்திருந்தவர், அடிமை விற்பனை விளம்பரங்களைத் தம் பத்திரிகையில் வெளியிட்டவர், கடைசியில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி 1790 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். ஏப்ரலில் இறந்தார்.

ஆகவே "வந்தவர்கள் ஆங்கிலம் பேசுவதில்லை, ஊரே மாறிவிட்டது" என்று யாராவது உங்கள் காதுபட முணுமுணுத்தால் மனம் ஒடிய வேண்டாம். அது இங்கே மிகப் பழைய பேச்சு. முணுமுணுப்புக்கு ஆளானவர்களின் பேரப்பிள்ளைகளே அடுத்து வருபவர்களைப் பார்த்து முணுமுணுப்பதும் இங்கே பழைய வழக்கம்தான்.

ஐந்தாம் தெருவும் ஆர்ச் தெருவும் சேரும் முனையில் அவருடைய கல்லறை இருக்கிறது. மதிலில் கம்பி வைத்த இடத்தில் நின்று தெருவிலிருந்தே பார்க்கலாம், டிக்கெட் வேண்டாம். கல்லின் மேல் மக்கள் ஒரு சென்ட் காசுகளை வீசுவார்கள், பிள்ளைக்குச் சில்லறை கொடுத்துக் கூட்டிப்போங்கள். பின்னாளில் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும்போதும் இவரைப் பற்றிய கேள்வி ஒன்று பட்டியலில் இருக்கும். அதிகாரியிடம் ஜெர்மானியர் கதையெல்லாம் சொல்ல வேண்டாம், "தபால் துறையின் முதல் தலைவர்" என்றால் போதும்.