20 ஆண்டு பழைய லெக்சஸ் எல்எஸ் 430 காரைத் தினமும் அலுவலகம் செல்ல வாங்கலாமா?

டொயோட்டாவின் ஆடம்பரக் கார் பிராண்டான லெக்சஸின் 2004 மாடல் எல்எஸ் 430 ஒன்று, 1.4 லட்சம் மைல் ஓடிய நிலையில் சிகாகோவில், புதிய டொயோட்டா கொரோலாவின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பதாகவும், அதை நம்பித் தினசரி வண்டியாக வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் மிச்சமாகும் பணம் முழுவதையும் வேறு செலவுக்கு ஒதுக்கிவிடாமல், அதில் ஒரு நல்ல பங்கை முதல் ஆண்டுப் பராமரிப்புக்கென்று தனியே எடுத்துவைக்க முடிந்தால் மட்டுமே வாங்குங்கள். கார் எவ்வளவு மலிவாகக் கைக்கு வந்தாலும், அதன் உதிரிபாகங்களுக்கும் கூலிக்கும், புதிதில் 50,000 டாலருக்கு மேல் விற்ற ஒரு வண்டிக்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

டெக்சாஸில் இதே வரிசையின் 2005 மாடலைச் சில ஆண்டுகளாக அன்றாடம் ஓட்டி வருகிறேன். இந்தக் காரின் உழைப்புக்குக் காரணம் அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது. உலகின் சிறந்த ஆடம்பரக் கார்களுக்கு ஈடான ஒன்றை உருவாக்க வேண்டும் என்று 1983இல் டொயோட்டா நிறுவனத் தலைவர் எய்ஜி டொயோடா தம் நிறுவனத்தாரிடம் கேட்டதன் விளைவாக, தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகியின் தலைமையில் உருவாகி 1989இல் விற்பனைக்கு வந்த எல்எஸ் 400தான் இதன் முன்னோடி. எஞ்சின் சத்தத்தையும் அதிர்வையும் தோன்றும் இடத்திலேயே குறைக்க வேண்டும் என்பதில் சுசுகி காட்டிய பிடிவாதம், பாகங்களை மிகத் துல்லியமாகச் செய்யவைத்தது. அந்தத் துல்லியமே நீண்ட ஆயுளாகவும் மாறியது என்பது என் கருத்து. எல்எஸ் 430இல் உள்ள 4.3 லிட்டர் வி8 எஞ்சின், ஏறத்தாழ 290 குதிரைத்திறன் கொண்டிருந்தும், அன்றாட ஓட்டத்தில் தன் வலிமையின் சிறு பகுதியையே பயன்படுத்துகிறது. 2004 மாடலிலிருந்து ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. அந்த வகையில் உங்கள் தேர்வு நல்ல தேர்வுதான்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கான ரசீதை. இந்த எஞ்சினில் இருப்பது செயின் அல்ல, ரப்பர் பெல்ட். அதை 90,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி, எஞ்சினே வீணாகிவிடக்கூடும். வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது. ஆகவே பெல்ட்டுக்காகப் பிரிக்கும்போதே பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் புல்லிகள் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது முறை. விற்பவர் "மாற்றியாகிவிட்டது" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். ரசீது இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ரப்பர் ஓடாமல் நின்றாலும் வயதாகிக்கொண்டே போகும் என்பதால், வெறும் 60,000 மைல் ஓடி வீட்டில் நின்ற வண்டியைவிட, ரசீதுகளோடு 1.5 லட்சம் மைல் ஓடிய வண்டியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அடுத்தது சஸ்பென்ஷன். விலை உயர்ந்த பேக்கேஜ் கொண்ட சில வண்டிகளில், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றழுத்தத்தால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இருக்கும். வண்டியின் உயரத்தை மாற்றும் பொத்தான் உள்ளே இருந்தால் அதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். இந்த வயதில் அதைச் சரிசெய்வது பெருஞ்செலவு. அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாதாரணச் சுருள் ஸ்பிரிங் உள்ளதே போதும், அதுவே மிக மென்மையாக ஓடும். எதுவாக இருந்தாலும் முன்சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் ரப்பர் புஷ்ஷுகளும் பால் ஜாயின்ட்டுகளும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு; பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா, மேடுபள்ளத்தில் தட்டும் ஒலி வருகிறதா என்று கவனியுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருப்பதால், அது பழுதானால் பாகத்தைவிடக் கூலி அதிகமாகலாம்.

பெட்ரோலில் சிக்கனத்தை எதிர்பார்க்க முடியாது. பிரீமியம் பெட்ரோலே பரிந்துரைக்கப்படுகிறது. நகர நெரிசலில் கேலனுக்கு 20 மைலுக்கும் குறைவாகவே கிடைக்கும். தானாகப் பிரேக் போடும் வசதி போன்ற இன்றைய பாதுகாப்பு அம்சங்களும் இதில் இல்லை. வீட்டில் புதிதாக ஓட்டக் கற்ற பிள்ளையும் இதையே ஓட்டப் போகிறார் என்றால் இதை அவசியம் எண்ணிப் பாருங்கள். காப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு: வண்டியின் சந்தை மதிப்பு குறைவு, முன்விளக்கு, பம்பர் போன்றவற்றின் விலையோ அதிகம் என்பதால், நடுத்தரமான ஒரு மோதலுக்கே "டோட்டல்", அதாவது பழுதுபார்ப்பது கட்டாது என்று முடிவுகட்டி, சந்தை மதிப்பை மட்டும் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் பராமரிப்புக்குச் செலவழித்ததில் பெரும்பகுதி அந்தத் தொகையில் திரும்பி வராது.

நீங்கள் பார்த்திருக்கும் வண்டியைப் பொறுத்தவரை எனக்கு உள்ள உண்மையான கவலை எஞ்சின் அல்ல, சிகாகோதான். குளிர்காலத்தில் அங்கே சாலைகளில் கொட்டும் உப்பு, அடிப்பாகத்தையும் பிரேக் குழாய்களையும் அரித்துவிடும். மேலே பளபளப்பாக இருக்கும் வண்டியிலும் இது நடக்கும். ஆகவே டொயோட்டா, லெக்சஸ் வண்டிகளை நன்கறிந்த ஒரு தனி மெக்கானிக்கிடம் கொண்டுபோய், லிஃப்டில் ஏற்றி, முதலில் அடிப்பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வண்டியின் கடந்தகால வரலாற்றைத் தரும் கார்ஃபேக்ஸ் அறிக்கையில் அந்த வண்டி எந்தெந்த மாநிலங்களில் பதிவாகியிருந்தது என்பதையும் பாருங்கள். சட்டகத்தில் துரு ஆழமாக இறங்கியிருந்தால், பெல்ட் ரசீது கையில் இருந்தாலும் விட்டுவிட்டு, டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற உப்புப் படாத மாநிலங்களில் தேடுங்கள்; விமானச் சீட்டுக்கும் திரும்பி வரும் பெட்ரோலுக்கும் சேர்த்துச் செலவானாலும் அது லாபமே.