கடற்பசுக் காப்பகத்துக்கு ஊரிலிருந்து ஆலோசகர்கள்: கேள்வி பதில்

பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இக்கரைக் கிராமக் குழுக்களோடு பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், காப்பக மேலாண்மைக்கு ஊர் மக்களிடமிருந்து ஆலோசகர்களைத் திரட்டுவது குறித்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கல்லூரி மாணவி, பேராவூரணி: ஐயா, வனத்துறையிடம் அறிஞர்கள் இருக்கும்போது ஊர்த் தன்னார்வலர்களின் ஆலோசனை எதற்கு?

ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசு, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை கடற்புல் தின்னும் பாலூட்டி. மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் அது மூழ்கியே இறந்துவிடும். அந்த நேரத்தில் வலையை அறுத்து விலங்கை விடுவிப்பதா, வலையைக் காப்பாற்றுவதா என்று முடிவெடுப்பவர், நள்ளிரவில் கரையிலிருந்து வெகுதூரத்தில் படகில் நிற்கும் வலைக்காரர்தான். அவர் பக்கத்தில் எந்த அதிகாரியும் இருப்பதில்லை. வலையில் புல் வேரோடு வருகிறதா, இலை மட்டும் வருகிறதா என்பதைத் தினமும் பார்ப்பவரும் அவரே. இவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் மேலாண்மைத் திட்டம் கரையோடு நின்றுவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மணமேல்குடி: இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36பி பிரிவின்படி, பாதுகாப்பகத்தைப் பேணுவது குறித்துத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஆலோசனை கூறும் மேலாண்மைக் குழுவை மாநில அரசு அமைக்க வேண்டும். காப்பகம் அமைந்துள்ள ஒவ்வொரு கிராம ஊராட்சியிலிருந்தும் ஒரு பிரதிநிதி, வன உயிரினப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூவர், வனத்துறை, வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை ஆகியவற்றிலிருந்து தலா ஒருவர் என்று அதில் சொல்லப்பட்டுள்ளது. பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: கடலுக்கான குழுவில் கால்நடைத் துறைக்கு இடமிருக்கிறது, மீன்வளத் துறைக்கு இல்லை. நிலத்தை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை அக்குழுவுக்கு உண்டு. ஆகையால் அதன் கீழே தன்னார்வலர்களின் துணைக்குழு ஒன்றை அமைத்து, விடுபட்டவர்களை அங்கே அமர்த்தலாம் என்பது என் கருத்து.

மீனவ இளைஞர், சேதுபாவாசத்திரம்: அண்ணா, யாரைச் சேர்ப்பது? எங்கள் ஊரில் எப்போதும் அதே நான்கு பேர்தான் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள்.

தம்பி, நீங்கள் சொல்லும் அந்த நான்கு பேர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆளைத் தேடுவதற்கு முன்பு இடங்களைத் தீர்மானித்துவிட்டால் இந்தச் சிக்கல் பாதி குறையும். அமெரிக்காவின் தேசியக் கடற்காப்பகங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்: மீன்பிடிப்பு, முக்குளிப்பு, சுற்றுலா, கல்வி, ஆராய்ச்சி, பொதுமக்கள் என்று இடங்களை முதலில் வகுத்து, ஓர் இடம் காலியானால் இன்ன தொழில் செய்பவர் தேவை என்று வெளிப்படையாக அறிவித்து விண்ணப்பம் கேட்கிறார்கள். பல இடங்களுக்கு மாற்று உறுப்பினர் ஒருவரும் இருப்பார். நம் கரைக்கு நான் வகுத்தால், செவுள் வலை, நண்டு வலை, கரைவலை, விசைப்படகு என்று வலைவாரியாக இடம் ஒதுக்குவேன். ஏனெனில் கடற்புல் மீது ஒவ்வொரு வலையும் வேறு விதமாகப் படுகிறது, அதைப் பயன்படுத்துகிறவர்களின் நியாயமும் வேறாக இருக்கிறது. மாற்று உறுப்பினர் இங்கே கட்டாயம் தேவை. காற்று சாதகமானால் எந்த மீனவரும் கூட்டத்துக்காகக் கரையில் தங்கமாட்டார்.

அதே இளைஞர்: விசைப்படகுக்காரருக்கும் இடமா?

ஆம். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவலையால் கடற்புல் அழிகிறது என்று அவர் இல்லாத கூட்டத்தில் பேசித் தீர்மானம் போடுவது எளிது, ஆனால் அத்தீர்மானம் அவரைக் கட்டாது.

மகளிர் குழு உறுப்பினர், அம்மாபட்டினம்: ஐயா, கடலுக்குப் போகாத பெண்கள் என்ன ஆலோசனை சொல்ல முடியும் என்று கேட்கிறார்கள்.

அம்மா, மன்னார் வளைகுடாவைப் பார்க்கச் சொல்லுங்கள். 1986இல் அங்கே 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, அத்தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துவந்த பெண்களை யாரும் கலந்து பேசவில்லை. பின்னால் நெடுங்காலம் மோதல் நீடித்தது. பிறகு அப்பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குள் வரம்பு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு வழங்கப்படும் சீகாலஜி பரிசு கிடைத்தது. நம் பகுதியிலும் மீனைத் தரம் பிரித்து விற்கும் பெண்களுக்கு, எந்த மீன் எப்போது குறைந்தது என்பது ஆண்களைவிடத் துல்லியமாகத் தெரிகிறது. ஓர் இடம் போதாது, இரண்டாவது கேளுங்கள். ஒரே ஒரு பெண் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

தொண்டு நிறுவன ஊழியர், தஞ்சாவூர்: அறிவிப்பு ஒட்டினோம், கூட்டம் போட்டோம், பத்துப் பேர்கூட வரவில்லை. எங்கே தவறு?

எந்த நாளில் கூட்டம் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இக்கரையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மீதி நான்கு நாள் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக இருந்துவருவதால், எந்த நாளில் கூட்டினாலும் ஒரு தரப்பு கடலில் இருக்கும். நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன்: ஒருமுறை அலுவலக வசதிக்காக வெள்ளிக்கிழமை நண்பகலில் கூட்டம் வைத்தேன். நாட்டுப்படகுக்காரர்கள் கடலில் இருந்தார்கள், முஸ்லிம் மீனவர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார்கள். பந்தலில் நானும் தேநீர்க் கேனும் மட்டும் மிஞ்சினோம். அதன்பிறகு இரு தரப்புக்கும் தனித்தனி நாளில் கூட்டம் வைத்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் இருவரையும் சேர்த்து அழைப்பதை வழக்கமாக்கினேன். அறிவிப்பையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், ஏலக்கூடத்தில் ஏலம் தொடங்குவதற்கு முன் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கல்வித் தகுதி கேட்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற மீனவர்: குழுவில் சேர்ந்தால் நாளை மீன்பிடிக்கத் தடை வரும்போது ஊர் என்னைத்தானே திட்டும்?

உங்கள் அச்சம் நியாயமானது. பாதுகாப்பகம் என்பது தேசியப் பூங்கா அன்று. இந்த அறிவிப்பால் புதிய மீன்பிடித் தடை எதுவும் வராது என்றே அரசு தெரிவித்தது. ஆலோசகருக்குத் தடை விதிக்கும் அதிகாரமும் இல்லை, தடுக்கும் அதிகாரமும் இல்லை. இதைச் சேரும் நாளிலேயே ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் நீங்கள் சொன்னது உங்கள் சொற்களிலேயே குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்து, அதன் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்ட மாணவர், புதுக்கோட்டை: சம்பளம் உண்டா?

தன்னார்வலருக்குச் சம்பளம் இல்லை. ஆனால் பேருந்துக் கட்டணத்தையும் அன்றைய உணவையும் கூடத் தராமல் தினக்கூலிக்காரரை அழைப்பது முறையல்ல.

ஆய்வாளர், சென்னை: ஒருமித்த கருத்து வராவிட்டால் என்ன செய்வது?

வராமலும் போகலாம். கலிபோர்னியாவின் சேனல் தீவுகளில் 1999 முதல் 2001 வரை மீனவர், சூழலியலாளர், அதிகாரிகள் சேர்ந்த பணிக்குழு, எவ்வளவு பரப்பில் மீன்பிடிப்பை நிறுத்துவது என்பதில் ஒருமித்த முடிவுக்கு வராமலே கலைந்தது. இருந்தும் அவர்கள் போட்ட வரைபடங்களும் பதிவுசெய்த மாற்றுக் கருத்துகளும் பின்னர் 2003இல் அங்கே காப்பகங்கள் அமைக்கப் பயன்பட்டன. எனவே வாக்கெடுத்து ஒரு தரப்பைத் தோற்கடிக்காமல், இரண்டு கருத்தையும் யார் எதனால் சொன்னார்கள் என்ற விவரத்தோடு தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அனுப்புங்கள். எதை ஏற்றார், எதை ஏன் ஏற்கவில்லை என்று அவரிடமிருந்து எழுத்தில் பதில் கேளுங்கள்; அடுத்த கூட்டத்தை அந்தப் பதிலை வாசித்துத் தொடங்குங்கள்.