வாசகர் கேள்வி-பதில்: கலரை எடுத்துவிட்டால் கருப்பு வெள்ளை ஆகிவிடுமா?

'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்துக்கு 'ப்ளாக் அண்ட் க்ரோம்' என்று ஒரு கருப்பு வெள்ளைப் பதிப்பும் வந்திருக்கிறது. டி.வி. ரிமோட்டில் கலரைப் பூஜ்யத்தில் வைத்துப் பார்த்தால் அதே படம் கிடைத்துவிடாதா? எதற்குத் தனியாக வாங்க வேண்டும்?
— வாசகர், ஈரோடு

கிடைக்காது. கலரைப் பூஜ்யமாக்கினால் டி.வி. எல்லாக் காட்சிக்கும் ஒரே கணக்கைத்தான் போடும். எச்.டி. படங்களுக்கான கணக்கு இது: சிவப்பில் 21 சதவீதம், பச்சையில் 72 சதவீதம், நீலத்தில் 7 சதவீதம் எடுத்துக் கூட்டினால் அந்தப் புள்ளியின் சாம்பல் அளவு. நம் கண் பச்சையைத்தான் அதிக வெளிச்சமாக உணர்கிறது என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள்.

இதில் என்ன கெடும் என்பதற்கு ஓர் உதாரணம். கரும்பச்சைச் செடிக்கு முன்னால் சிவப்புப் புடவையில் ஒரு பெண் நிற்கிறார். புடவையின் சிவப்பு-பச்சை-நீல அளவு (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) 200, 30, 30 என்றும், இலையின் அளவு 30, 80, 30 என்றும் வைத்துக்கொள்வோம். கலரில் இரண்டும் பளிச்சென்று பிரிந்து தெரியும். டி.வி. கணக்கில் போட்டால் புடவையும் 66, இலையும் 66. புடவை எங்கே முடிகிறது, செடி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதையே சிவப்பு 60, பச்சை 30, நீலம் 10 சதவீதம் என்று மாற்றிக் கலந்தால் புடவை 132, இலை 45. இப்போது பெண் தனியே தெரிவார். எந்தக் காட்சிக்கு எந்தக் கலவை, அதற்கு மேல் எவ்வளவு கான்ட்ராஸ்ட் என்று ஒவ்வொரு ஷாட்டாக உட்கார்ந்து முடிவு செய்வதுதான் கருப்பு வெள்ளை கிரேடிங். டி.வி. ரிமோட்டால் அந்த முடிவை எடுக்க முடியாது.

'ஃப்யூரி ரோட்' (2015) விஷயத்தில் இது இன்னும் முக்கியம். கலர்ப் பதிப்பில் மணலை ஆரஞ்சுக்கும் வானத்தை நீலப்பச்சைக்கும் வலுவாகத் தள்ளியிருக்கிறார்கள். இரவுக் காட்சிகளைப் பகல் வெயிலில், வேண்டுமென்றே அதிக எக்ஸ்போஷரில் எடுத்து, பிறகு டி.ஐ.யில் (படத்தின் நிறத்தைக் கணினியில் சரிசெய்யும் கட்டத்தில்) இருட்டாக்கி நீலம் ஏற்றினார்கள். நிறத்தை நம்பியே பிரிக்கப்பட்ட படம். அந்த நிறத்தை வெறுமனே உருவினால் மிஞ்சுவது சப்பென்ற சாம்பல். 2016 இறுதியில் வந்த 'ப்ளாக் அண்ட் க்ரோம்' பதிப்பில் கருப்பு நல்ல கருப்பாகவும், உலோகமும் வியர்வையும் மின்னும்படியும் இருக்கின்றன.

தனிப் பதிப்பைப் பார்க்கும்போதும் டி.வி.யில் ஒரு வேலை இருக்கிறது. கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' என்ற இடத்தில் வையுங்கள். 'கூல்' என்று வைத்தால் சாம்பல் முழுக்க நீலம் பாயும். கலர்ப் படத்தில் கண்ணில் படாத இந்தக் கோளாறு கருப்பு வெள்ளையில் முதல் நிமிடமே தெரியும். காட்சிக்குக் காட்சி டி.வி. தானாகவே வெளிச்சத்தை மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்டையும் அணைத்துவிடுங்கள்.

இயக்குநர்களே விரும்பித்தான் இப்படி வெளியிடுகிறார்களா, அல்லது இரண்டாவது முறை காசு பார்க்கும் வழியா?
— வாசகர், நாகர்கோவில்

இரண்டும் உண்டு. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் பெரும்பாலும் இயக்குநரின் ஆசைதான் முதலில் வருகிறது. 'ஃப்யூரி ரோட்' இயக்குநர் ஜார்ஜ் மில்லருக்கு அந்த எண்ணம் வந்தது 1981இல் வந்த இரண்டாவது 'மேட் மேக்ஸ்' காலத்திலேயே. பின்னணி இசை சேர்ப்பதற்காக மலிவாக எடுக்கப்பட்ட கருப்பு வெள்ளை பிரின்டைப் பார்த்தவர், படத்தின் சிறந்த வடிவம் அதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஃபிராங்க் டாராபான்ட் 'தி மிஸ்ட்' (2007) படத்தைக் கருப்பு வெள்ளையாகவே நினைத்திருந்தார். 2008இல் இரட்டை டி.வி.டி.யில்தான் அது கைகூடியது. அந்தப் பதிப்பைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். கலரில் கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும் கிராஃபிக்ஸ் ஜந்துக்கள், மூடுபனியின் சாம்பலுக்குள் போனதும் அந்த இடத்திலேயே பிறந்தவைபோல ஆகிவிடுகின்றன.

தலைகீழாக நடந்ததும் உண்டு. அலெக்ஸாண்டர் பெய்ன் 'நெப்ராஸ்கா' (2013) படத்தைக் கருப்பு வெள்ளைக்காகவே எடுத்தார். ஆனால் டிஜிட்டல் கேமரா பதிவு செய்தது கலரில். சில தொலைக்காட்சிச் சந்தைகளுக்குக் கலர்ப் பதிப்பு தர வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம். 2014இல் அமெரிக்காவின் எபிக்ஸ் சேனலில் அந்தக் கலர்ப் பதிப்பு ஒளிபரப்பாகவும் செய்தது. கோயன் சகோதரர்களின் 'தி மேன் ஹூ வாஸ்ன்ட் தேர்' (2001) படத்தையும் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் கலர் நெகட்டிவில் எடுத்து, கருப்பு வெள்ளையாக பிரின்ட் போட்டார். இந்த இரண்டும் லைட்டிங் போடும்போதே சாம்பலை மனதில் வைத்து எடுத்த படங்கள். அந்த வித்தியாசம் திரையில் தெரியும்.

'பாராசைட்' கருப்பு வெள்ளையில் பார்த்தேன். நன்றாக இருந்தாலும் எதையோ இழந்ததுபோல் இருந்தது. எனக்கு மட்டும்தானா?
— வாசகி, தஞ்சாவூர்

உங்களுக்கு மட்டும் இல்லை. பாங் ஜூன்-ஹோவும் ஒளிப்பதிவாளர் ஹாங் க்யுங்-ப்யோவும் ஷாட் ஷாட்டாகச் செய்த நல்ல வேலைதான் அது. 2020 ஜனவரியில் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. மேட்டுக்குடி வீட்டின் பரந்த வெளிச்சமும் பாதாள வீட்டின் அழுக்குச் சாம்பலும் முன்பைவிடக் கூர்மையாக மோதுகின்றன. ஆனால் வீட்டு வேலைக்காரம்மாளுக்குக் காசநோய் என்று நம்பவைக்கும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். குப்பைத்தொட்டியில் கிடக்கும் காகிதத்தில் காரச் சாஸைப் பிதுக்கி, ரத்தம் என்று காட்டுகிறார்கள். அந்தச் சூழ்ச்சி முழுக்கச் சிவப்பை நம்பி நிற்கிறது. கருப்பு வெள்ளையில் அது வெறும் கறை. நமக்குக் கதை தெரியும் என்பதால்தான் புரிகிறது. எனவே இந்தப் படத்தைப் பொறுத்தவரை முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கலர்தான். இரண்டாம் முறைக்கு மற்றது.

குறும்படம் ஒன்றைக் கலரில் எடுத்துவிட்டோம். எடிட்டில் சாச்சுரேஷனைப் பூஜ்யம் ஆக்கினால் நடிகரின் முகமும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்கின்றன. டாவின்சி ரிசால்வ் மென்பொருள் வைத்திருக்கிறோம். எப்படிச் சரிசெய்வது?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம். மாநிற முகத்தின் அளவு சுமார் 140, 95, 70 என்று வைத்தால் சாதாரணக் கணக்கில் அது 103. வெளிர்பச்சை கலந்த சுவர் 90, 110, 100 என்றால் 105. இரண்டு புள்ளிதான் வித்தியாசம். எந்தத் திரையிலும் பிரியாது. மேலே சொன்ன 60-30-10 கலவையில் முகம் கிட்டத்தட்ட 120க்கு ஏறும், சுவர் 97க்கு இறங்கும். மனிதத் தோலில் எப்போதும் சிவப்புதான் ஓங்கியிருக்கும். அதனால் முகத்தைத் தூக்க வேண்டுமானால் சிவப்பைப் பிடியுங்கள்.

ரிசால்வில் கலர் பக்கத்துக்குப் போய், லாக் புரொஃபைலில் (கிரேடிங்குக்காக கான்ட்ராஸ்ட் குறைத்துப் பதியும் முறை) எடுத்திருந்தால் முதல் நோடில் (திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் கட்டம்) கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டு, எச்.டி. டி.வி.க்கான நிற அளவான ரெக். 709க்கு மாற்றுங்கள். லாக்கின் வெளுத்த படத்தை நேராகக் கருப்பு வெள்ளையாக்கினால் கலவை அளவுகள் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. அடுத்த நோடில் ஒயிட் பேலன்ஸை ஷாட்டுக்கு ஷாட் சமன் செய்யுங்கள். "நிறம்தான் போகப்போகிறதே, எதற்கு?" என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஒரு ஷாட் நீலம் அடித்தும் அடுத்தது மஞ்சள் அடித்தும் இருந்தால், ஒரே கலவையில் ஒரே முகம் இரண்டு விதச் சாம்பலாக வரும், வெட்டு துருத்தித் தெரியும்.

மூன்றாவது நோடில் ஆர்.ஜி.பி. மிக்ஸரைத் திறந்து 'மோனோக்ரோம்' கட்டத்தை டிக் செய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவுகள் மட்டும் மிஞ்சும். மூன்றும் கூட்டி 1 வருமாறு வைத்துக்கொண்டால் மொத்த வெளிச்சம் கெடாது. 0.60, 0.30, 0.10இல் தொடங்குங்கள். சிவப்பை 0.80க்கு மேல் ஏற்றினால் பருவும் தழும்பும் மறையும், ஆனால் உதடு வெளுத்து முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். வயதானவரின் முகச் சுருக்கங்கள் தெரிய வேண்டுமானால் பச்சையைக் கூட்டுங்கள். நீலத்தை மட்டும் ஜாக்கிரதையாகக் கையாளுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அதிக நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) இருப்பது அந்தச் சேனலில்தான். வானத்தைக் கருக்க நீலத்துக்கு மைனஸ் 0.20 கொடுப்பது கண்ணைக் கவரும் வித்தைதான், ஆனால் மரக்கிளை, மின்கம்பி ஓரங்களில் வெள்ளைக் கோடு கிளம்பும்.

ஒரே நிறம் மட்டும் தொல்லை கொடுத்தால், மிக்ஸர் நோடுக்கு முன்னால் இன்னொரு நோடு சேர்த்து 'ஹ்யூ வெர்சஸ் லம்' (நிறத்துக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றும்) வளைகோட்டில் அந்த நிறத்தை மட்டும் இறக்குங்கள். சுவரின் பச்சையைக் கொஞ்சம் இறக்கினாலே முகம் முன்னால் வந்துவிடும். மொபைலிலோ நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் சாதாரண 4:2:0 பதிவிலோ எடுத்த காட்சியில் இதை அதிகம் இழுத்தால் ஓரங்கள் கட்டம் கட்டமாக உடையும். அப்போது முகத்தைச் சுற்றி ஒரு வட்ட விண்டோ போட்டு, டிராக் செய்து, கொஞ்சம் வெளிச்சம் ஏற்றுவதே நல்லது.

கான்ட்ராஸ்ட், கர்வ் எல்லாம் மோனோக்ரோம் நோடுக்குப் பிறகுதான். வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். கருப்பு வெள்ளை என்றதும் எல்லாரும் கருப்பைக் கொண்டுபோய் அடியில் நசுக்கிவிடுகிறார்கள். தலைமுடியில் விவரம் போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கடைசி நோடில் மெல்லிய கிரெயின் (ஃபிலிமில் தெரியும் மணல்போன்ற பொடிப்புள்ளிகள்) சேருங்கள். அழகுக்காக மட்டும் இல்லை: 8 பிட் படத்தில் மொத்தமே 256 படிகள்தான், வானத்திலும் வெறும் சுவரிலும் பட்டை பட்டையாகத் தெரிவதைக் கிரெயின் உடைத்துவிடும். எக்ஸ்போர்ட்டை முடிந்தவரை 10 பிட்டில் எடுங்கள்.

அடுத்த படத்தைக் கருப்பு வெள்ளை என்று முதலிலேயே முடிவு செய்தால் பாதி வேலை செட்டிலேயே முடியும். உடையையும் சுவரையும் மொபைலில் மோனோ ஃபில்டர் போட்டு ஒன்றாகப் படமெடுத்துப் பாருங்கள். பின்னாலிருந்து ஒரு பேக் லைட் தோளையும் தலைமுடியையும் கோடு போட்டுப் பிரித்துவிடும். எந்த மிக்ஸரும் அதற்கு ஈடாகாது. கேமராவின் மோனோக்ரோம் புரொஃபைலில் மட்டும் ரெக்கார்ட் செய்யாதீர்கள். ரா வீடியோவாக இல்லாவிட்டால் நிறம் ஃபைலிலேயே போய்விடும், பிறகு கலக்குவதற்கு ஒன்றும் இருக்காது. மானிட்டரில் மட்டும் நிறத்தை அணைத்துப் பாருங்கள்.

'ஷின் காட்ஸில்லா: ஆர்த்தோக்ரோமாடிக்' என்கிறார்களே, அது சாதாரணக் கருப்பு வெள்ளையிலிருந்து எப்படி வேறு?
— வாசகர், யாழ்ப்பாணம்

ஆர்த்தோக்ரோமாடிக் என்பது மௌனப்படக் காலத்தில் புழங்கிய ஃபிலிம் வகை. நீலமும் பச்சையும் அதில் பதியும், சிவப்பு பதியாது. அதனால் உதடு கருத்துப்போகும், நீல வானம் வெறும் வெள்ளையாகும், நீலக் கண் வெளுத்துப் பேய்க்கண் போலாகும். எல்லா நிறமும் பதியும் பான்க்ரோமாடிக் ஃபிலிம் 1920களில் பரவிய பின் அது ஓய்ந்தது. 2016இல் வந்த 'ஷின் காட்ஸில்லா'வின் இந்தப் பதிப்பு 2023இல் அந்தத் தோற்றத்தை நினைவில் வைத்துச் செய்யப்பட்டது. மிக்ஸரில் நீங்களும் பார்க்கலாம்: சிவப்பு 0, பச்சை 0.50, நீலம் 0.50. தோலின் சிவப்பு முழுக்க இருளாக மாறும்.

2024 ஜனவரியில் ஜப்பானில் வெளியான 'காட்ஸில்லா மைனஸ் ஒன் / மைனஸ் கலர்' வேறு வகை. காட்சிக்குள்ளேயே பகுதி பகுதியாகப் பிரித்துச் சாம்பலைத் திருத்தியிருக்கிறார்கள். 1954இன் முதல் 'காட்ஸில்லா' கருப்பு வெள்ளை என்பதால் இந்தப் படத்துக்கு அது பொருந்தியும் விடுகிறது.

அவர்கள் கலரை எடுக்கிறார்கள். நம் ஊரில் 'மாயாபஜார்', 'முகல்-ஏ-ஆஸம்' படங்களுக்குக் கலர் சேர்த்தார்களே. அது சரியா?
— வாசகர், திருநெல்வேலி

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கலரிலிருந்து சாம்பலுக்குப் போகும்போது தகவல் எல்லாம் நெகட்டிவிலேயே இருக்கிறது. சாம்பலிலிருந்து கலருக்குப் போகும்போது அது ஊகம். முதல் பதிலில் சொன்ன 66ஐத் திரும்பப் பாருங்கள். அது சிவப்புப் புடவையா, பச்சை இலையா என்று ஃபிலிம் சொல்லாது, உட்கார்ந்து வேலை செய்பவர்தான் சொல்ல வேண்டும்.

'முகல்-ஏ-ஆஸம்' (1960) விஷயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 'பியார் கியா தோ டர்னா க்யா' பாடலும் இறுதிப் பகுதியும் அப்போதே கலரில் எடுக்கப்பட்டவை. முழுப்படமும் கலர் ஆகி 2004 நவம்பரில் வந்தது. 1957இன் தெலுங்கு 'மாயாபஜார்' 2010 ஜனவரியில் கலரில் வந்தது. இரண்டுமே நீளம் குறைக்கப்பட்டுத்தான் வந்தன என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'மாயாபஜார்' ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி. தமிழில் நாம் 'ஆகா இன்ப நிலாவினிலே' என்று கேட்ட அந்தப் படகுக் காட்சியின் நிலவொளி முழுக்க வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவில் அவர் கட்டிய படிகளால் ஆனது. அதன்மேல் நீலத்தைப் பூசுவது எனக்கு மனதார ஒப்பவில்லை. புதிய ரசிகர்களை அரங்குக்குக் கொண்டுவந்தது உண்மை. மூலப் பதிப்பும் அதே தரத்தில், முழு நீளத்தில் கிடைத்தால் மட்டுமே அந்த வாதத்தை ஏற்க முடியும்.

பிரான்ஸில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜான் ஹூஸ்டனின் 'தி அஸ்ஃபால்ட் ஜங்கிள்' (1950) படத்தின் கலர் சேர்த்த பதிப்பை ஒளிபரப்புவதை எதிர்த்து அவருடைய வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 1991 மே 28 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது: உரிமை யாரிடம் இருந்தாலும், படைப்பாளியின் தார்மிக உரிமை அவரோடுதான்.

'ப்ளேட் ரன்னர்' எந்தப் பதிப்பைப் பார்ப்பது?
— வாசகர், பெங்களூரு

2007இன் 'ஃபைனல் கட்'. ரிட்லி ஸ்காட் முழுச் சுதந்திரத்தோடு முடித்தது அது ஒன்றுதான். பிடித்துப்போனால் 1982இன் தியேட்டர் பதிப்பையும் பாருங்கள்: நாயகனின் பின்னணிக் குரலும், 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிஞ்சிய வான்வழிக் காட்சிகளை ஒட்டவைத்த சுபமான முடிவும் அதில் உண்டு.

பழைய ஐரோப்பிய டி.வி.டி. ஒன்றில் 120 நிமிடப் படம் 115 நிமிடம்தான் ஓடுகிறது. வெட்டப்பட்ட பதிப்பா?
— வாசகர், கொழும்பு

அநேகமாக இல்லை. வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை ஐரோப்பாவின் பால் (PAL) டி.வி. முறைக்காக 25 ஃபிரேமில் ஓட்டுவார்கள். 120 நிமிடம் 115 நிமிடம் 12 வினாடி ஆகிவிடும். பாட்டும் குரலும் சற்றுக் கீச்சென்று கேட்டால் அதுதான் அடையாளம். சந்தேகம் தீர, டிஸ்க்கின் நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் எண் அசல் நேரத்தோடு ஒரு நிமிட வித்தியாசத்துக்குள் இருந்தால் படம் முழுசாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் குறைந்தால்தான் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது.